பிள்ளை போட்ட பட்டியல்

கார்த்திகை தீபத்தன்று விடியற்காலை நாலு மணிக்கு அருணாசலேஸ்வரர் சன்னதியில் ஒரு தீபம் ஏற்றுவார்கள். அந்த ஒன்றிலிருந்து ஐந்து தீபங்கள். அதற்குப் பரணி தீபம் என்று பெயர். சாயங்காலம் மலை உச்சியில், கொப்பரையில், ஒரே தீபம். ஏகன் அநேகன் ஆவதும் அநேகன் ஏகன் ஆவதும் இதுதான் என்று திருவண்ணாமலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் முழங்கை இடிபட நிற்கிறவனுக்கு அநேகன் நன்றாகவே புரியும். ஏகன்தான் கொஞ்சம் சிரமம்.

அந்தச் சிரமத்தோடு 1902-ல் இந்த ஊருக்கு ஒருவர் வந்தார். பெயர் சிவப்பிரகாசம் பிள்ளை. தத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர். உத்தியோகம் தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில், ரெவின்யூ இலாகாவில். திருவண்ணாமலை அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஆபீஸ் வேலையாக வந்தவர், பெரிய கோயிலுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் விரூபாட்ச குகைக்கு ஏறினார். அங்கே ஓர் இளம் சாமி இருந்தார். 22 வயது. 1896 செப்டம்பர் 1-ம் தேதி ஊருக்கு வந்து சேர்ந்தவர், மதுரையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன். ஊர்க்காரர்களுக்கு அவர் ‘பிராமண சாமி’. ரமணர் என்ற பெயர் 1907-ல் காவ்யகண்ட கணபதி முனி வைத்தது. ஆக, பிள்ளையின் ‘நான் யார்?’ என்ற கேள்வி அந்தக் குகைக்குள் போனபோது, பதில் சொன்னவருக்கே இன்று நாம் சொல்லும் பெயர் கிடையாது.

சாமி பேசவில்லை. மௌன விரதம் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள்; அப்படி ஒன்றும் இல்லை, பேசத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கேட்டால் சைகை காட்டுவார். சைகை புரியாவிட்டால் எழுதிக் காட்டுவார். பிள்ளை ஒன்று கேட்பார், பதில் எழுத்தில் வரும். அதிலிருந்து அடுத்த கேள்வி முளைக்கும். பிள்ளை நினைவில் வைத்துக் குறித்துக்கொண்டபடி மொத்தம் 14 கேள்விகள். ‘பட்டா யார் பேரில்?’ என்பது ரெவின்யூ ஆபீஸில் தினம் புழங்கும் கேள்வி. அதையே பிள்ளை தன் மேல் போட்டுப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றும். இந்த உடம்பு, இந்த மனசு, இதெல்லாம் யார் பேரில் இருக்கிறது?

பதிலின் போக்கு விசித்திரமானது. உலகத்தில் எத்தனையோ இருக்கின்றனவே, ஒன்று என்று எப்படிச் சொல்வது என்று கேட்டால், சாமி உலகத்தைப் பற்றி வாதாடப் போவதில்லை. இத்தனையும் யாருக்குத் தெரிகின்றன என்று திருப்பிவிடுகிறார். எனக்கு. அந்த நான் யார்? எண்ணங்களில் முதலில் எழுவது ‘நான்’ என்ற எண்ணம். மற்றதெல்லாம் அதன் வால் பிடித்து வருவது. ராத்திரி தூங்கும்போது வீடு, வாசல், கடன், கலெக்டர் எதுவும் இல்லை. ஆனாலும் காலையில் எழுந்து ‘நன்றாகத் தூங்கினேன்’ என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறான். அந்த ஆளைத் தேடிப் போ என்கிறார். பலது பொய், ஒன்றே மெய் என்று சூத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் பிள்ளை படித்த தத்துவப் புத்தகங்களோடு அதுவும் ஒன்றாகியிருக்கும். கேள்வியாகக் கொடுத்ததால் கையோடு ஊருக்கு எடுத்துப் போனார்.

இந்தக் கேள்வி-பதில்களிலிருந்து உருவான ‘நான் யார்?’ நூலில் பக்திக்கு இடமில்லை என்று சொல்கிறவர்கள் அதை முழுக்கப் படிக்காதவர்கள். ரயிலில் ஏறிய பிறகும் மூட்டையைத் தலையில் சுமப்பானேன் என்ற உவமை இதில்தான் வருகிறது. பாரத்தை ஈசனிடம் போடச் சொல்கிற இடம் அது. சொன்னவரும் ரயிலேறி இந்த ஊருக்கு வந்தவர்தானே. விசாரம் செய்கிறவனும் சரணடைகிறவனும் கடைசியில் இறங்கும் ஸ்டேஷன் ஒன்று.

பிள்ளை அந்தக் குறிப்புகளை அச்சுக்குக் கொடுக்க 21 வருஷம் ஆயிற்று. நடுவில் அவர் வாழ்க்கையில் ஒரு பெரிய நெருக்கடி வந்து போனது. குகையில் இருந்த சாமி அதற்குள் மலையில் இன்னும் மேலே ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறி, பிறகு தாயார் சமாதிக்காக அடிவாரம் இறங்கி, அங்கே ஆசிரமம் உருவாகிவிட்டது. 1923-ல் நூல் வெளிவந்தது. நெருக்கடியில் தன்னைக் காத்த அருளைப் பற்றித் தான் பாடிய பாடல்களையும் பிள்ளை கூடவே சேர்த்திருந்தார்.

அந்த நூலில்தான் பட்டியல் இருக்கிறது. ‘நான் யார்?’ என்ற கேள்விக்கான பதிலில் ஏழு தாதுக்களால் ஆன உடம்பு நானில்லை, ஐந்து ஞானேந்திரியங்கள் நானில்லை, ஐந்து கர்மேந்திரியங்கள் நானில்லை, ஐந்து வாயுக்கள் நானில்லை, மனமும் நானில்லை என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சும் அறிவே நான் என்று முடியும். இந்த நீண்ட வரிசை சாமி எழுதிக் காட்டியது அல்ல, பிள்ளை தனக்குத் தெளிவாகட்டும் என்று விரித்து எழுதிக்கொண்டது என்பது ஆசிரமத்து வழக்கு. நம்பத்தான் தோன்றுகிறது. விரூபாட்ச குகையில் உட்கார்ந்து சைகையால் பதில் சொன்ன 22 வயதுக்காரர் இருபதுக்கு மேற்பட்ட இனங்களை வகை பிரித்து எழுதியிருப்பாரா? அது தத்துவப் பட்டதாரியின் கை. கொஞ்சம் ரெவின்யூ கணக்கின் கையும்கூட. அநேகத்தை எல்லாம் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இல்லை’ என்று குறித்தால்தான் அவருக்கு ஏகம் பிடிபட்டது. ரமணர் அதை அடிக்கவில்லை.

நூல் அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. சில பதிப்புகளில் 28 கேள்விகள், சிலவற்றில் 30. ஒன்றைப் பற்றிய நூல் பலவாகிப் போனதை ஊர் நையாண்டியாக எடுத்துக்கொள்ளலாம். முதல் பதிப்புக்குச் சில ஆண்டுகள் கழித்து ரமணரே உட்கார்ந்து இதைக் கட்டுரையாக மாற்றி எழுதினார். எல்லா உயிரும் விரும்புவது துன்பம் கலவாத சுகம் என்று தொடங்கும் முதல் பத்தி அப்போது சேர்ந்தது. தலைப்பு ‘நானார்?’ என்றானது. நான், ஆர் என்ற இரண்டு சொற்களும் புணர்ந்து இடைவெளி இல்லாமல் நிற்கின்றன. தமிழ் இலக்கணம் தானாகச் செய்து கொடுத்த வேலை.

அந்தக் கட்டுரையில் கேள்விகள் இல்லை. 14-ம் இல்லை, 28-ம் இல்லை. கேட்டவரும் அவற்றோடு காணாமல் போய்விட்டார். அவர் போட்ட பட்டியல் மட்டும், ஏழு தாது, ஐந்து வாயு எல்லாமாக, இரண்டாம் பத்தியில் அப்படியே இருக்கிறது.