133 அடியில் ஒரு நூல்: குமரிமுனைச் சிலையின் கணக்கு

தமிழ்நாட்டுக்குச் சுற்றுலா செல்லும் மலேசியத் தமிழர்கள் பலரும் கன்னியாகுமரியைப் பயணத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். படகில் ஏறி, வள்ளுவர் சிலைக்கு முன் படம் எடுத்துக்கொண்டு கரை திரும்புவது வழக்கம். சிலையின் உயரம் 133 அடி, அது திருக்குறளின் 133 அதிகாரங்களைக் குறிக்கிறது என்பது நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை.

சிலையைக் கீழிருந்து பார்க்க வேண்டும். பீடம் 38 அடி. அறத்துப்பாலில் இருப்பவை 38 அதிகாரங்கள். பீடத்தின் மேல் நிற்கும் வள்ளுவரின் உயரம் 95 அடி. பொருட்பாலின் 70 அதிகாரங்களையும் இன்பத்துப்பாலின் 25 அதிகாரங்களையும் கூட்டினால் அதே 95. அறம் அடித்தளம், பொருளும் இன்பமும் அதன்மேல் நிற்க வேண்டியவை என்ற விளக்கம் இந்த அளவிலேயே அடங்கிவிடுகிறது. வலக்கையில் உயர்ந்திருக்கும் மூன்று விரல்கள் முப்பாலைக் குறிக்கின்றன. இடக்கையில் ஓலைச்சுவடி. குறளையும் அடியால் அளக்கிறோம், சிலையையும் அடியால் அளக்கிறோம். இந்தச் சொல் பொருத்தம் தமிழில் அழகாக அமைந்திருக்கிறது.

சிற்பி ஏன் எண்களைப் பிடித்துக்கொண்டார்? வள்ளுவரின் முகம் யாருக்கும் தெரியாது. அவருடைய பிறப்பு, பெற்றோர், ஊர் பற்றிச் சொல்லப்படுபவை பெரும்பாலும் செவிவழிக் கதைகள். இன்று வகுப்பறைச் சுவர்களில் நாம் காணும் வள்ளுவர் ஓவியர் கே.ஆர்.வேணுகோபால் சர்மாவின் கற்பனை. 1960-இல் இந்திய அஞ்சல் தலையில் அந்த உருவம் வந்தது, பிறகு அதுவே எல்லாருக்கும் வள்ளுவராகிவிட்டது. ஆளைப் பற்றி உறுதியாகத் தெரியாத நிலையில் கையில் உறுதியாக இருந்தது நூல் ஒன்றுதான். சிலையைச் செதுக்கிய வை.கணபதி ஸ்தபதி அந்த நூலின் அமைப்பையே உருவத்தின் அளவாக எடுத்துக்கொண்டார். சென்னை வள்ளுவர் கோட்டத்தைக் கட்டியவரும் இவர்தான்.

1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டத்தில் அவர் வேறு வழியில் போனார். திருவாரூர்த் தேரைப் போன்ற ஒரு கல் தேர், அரங்கைச் சுற்றியுள்ள மாடத்தில் 1,330 குறள்களும் கல்வெட்டாக. நூல் முழுவதும் அங்கே எழுத்தில் இருக்கிறது. நின்று எல்லாவற்றையும் படிப்பவர்கள் குறைவு. குமரியிலோ படிக்காதவரும் ஒரு எண்ணையாவது மனத்தில் கொண்டு திரும்புகிறார். நூலைச் சிலையாக்கும் இரு வழிகளில் குமரியின் வழியே வலியது என்று தோன்றுகிறது.

எழுத்துக்கும் எழுதியவர்களுக்கும் பொது இடத்தில் சிலை வைக்கும் வழக்கத்தில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. முதலாவது உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் நடந்தது. அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள் அதற்கு முன்னின்றார். இரண்டாவது மாநாடு 1968-இல் சென்னையில் கூடியபோதுதான் மெரினா கடற்கரையில் வள்ளுவர், பாரதியார், வீரமாமுனிவர், ஜி.யு.போப், கால்டுவெல் முதலியோரின் சிலைகள் வரிசையாக எழுந்தன. சிலப்பதிகாரத்தின் கண்ணகியும் அந்த வரிசையில் சேர்ந்தாள். 2001 டிசம்பரில் அவள் சிலை அகற்றப்பட்டதும் 2006-இல் மீண்டும் நிறுவப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். ஒரு காப்பியப் பாத்திரம் இடத்தை விட்டுப் போனதற்கு அத்தனை எதிர்ப்பு எழுந்தது.

குமரிச் சிலையும் எளிதில் எழவில்லை. அடிக்கல் நாட்டியது 1979-இல். வேலை தொடங்கியது 1990-இல். நடுவில் தடைபட்டு, 2000 ஜனவரி 1-இல்தான் திறப்பு விழா கண்டது. மொத்த எடை சுமார் 7,000 டன். ஒரே பாறையைக் குடைந்த சிலை அல்ல இது. கரையில் செதுக்கிய ஆயிரக்கணக்கான கற்களைக் கடல்வழியே பாறைக்குக் கொண்டுபோய், கோயில் கோபுரம் கட்டும் முறையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். இத்தனை எடையிலும் இடுப்பு சற்றே ஒசிந்து நிற்பதுதான் சிற்பியின் துணிச்சல். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அலைகள் பாறையின் மீது மோதி எழுந்தன. சிலை அசையவில்லை.

சுனாமியைவிட ஓயாத பகை உப்புக்காற்று. அதற்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டி, சிலை முழுவதும் காகிதக்கூழ் அப்புகிறார்கள். கல்லில் ஏறிய உப்பைக் கூழ் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கழுவி, பாதுகாப்பு ரசாயனம் பூசுவார்கள். அந்த மாதங்களில் போகிறவர்கள் சாரத்துக்குள் மறைந்த வள்ளுவரைத் தொலைவிலிருந்தே பார்க்க நேரிடலாம். எனவே பயணச்சீட்டு எடுக்கும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

2024 டிசம்பர் 30 முதல் விவேகானந்தர் பாறையையும் சிலையையும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் இணைக்கிறது. இப்போது விவேகானந்தர் பாறையில் இறங்கி நடந்தே வள்ளுவரிடம் வந்துவிடலாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் பாலத்தின் நடுவில் நின்று, பீடம் எங்கே முடிகிறது, பாதம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். அந்தக் கோடுதான் அறத்துப்பாலின் 38-ஆம் அதிகாரம் முடியும் இடம்.