ஒரு மெட்டும் அதன் ஊர்களும்

பிறந்த ஊரைவிட்டுப் பெயர்ந்து வாழ்வோரை நோக்கி ஒரு வினா ஓயாது எழும்: 'நீவிர் எவ்வூரார்?' இவ்வினா மாந்தர்க்கு மட்டும் உரியதன்று, இசைக்கும் உரியது. அயர்லாந்து நாட்டுப் பிடில் மெட்டு ஒன்று இருநூற்றெண்பது ஆண்டுகளாக ஊர்தோறும் சென்று, சென்றவிடந்தோறும் புதுப்பெயர் பூண்டு வாழ்ந்து வருகின்றது. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம். அது நமக்கு முற்றிலும் அயலானதன்று என்பது முடிவில் விளங்கும்.

அயர்லாந்தின் தென்பகுதியில், கார்க் மாவட்டத்தில், பிளாக்வாட்டர் ஆற்றங்கரையில் மாலோ என்னும் சிற்றூர் உள்ளது. 18ஆம் நூற்றாண்டில் அவ்வூரின் வெந்நீர் ஊற்று நோய் தீர்க்கும் எனப் பெயர் பெற்றது. நோயாளரைக் காட்டிலும் நில உடைமையாளரின் செல்வ மைந்தரே அங்கு மிகுதியாகக் குழுமினர். குடியும் சூதும் கூத்துமாகத் தந்தையர் தேடிய பொருளைத் தொலைத்த அவ்விளைஞரை ஊரார் 'மாலோ நகரத்து ஊதாரிகள்' என்றனர். அவர்தம் வாழ்வை நகைத்துப் பாடிய பாட்டின் மெட்டே 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'. 1740களில் இலண்டனில் அச்சான இசைத் தொகுதிகளில் இம்மெட்டைக் காண்கிறோம். ஆக்கியோன் இன்னார் என அறுதியிட இயலவில்லை. ஊர் ஆக்கியது என்றே கொள்ளுதல் தகும்.

இது 'ரீல்' என்னும் நடன இசையின் பாற்பட்டது. ரீல் என்பது விரைந்த நடையும் சமன்பட்ட தாளமும் உடையது. இரண்டு பகுதிகளாய் அமைந்து, ஒவ்வொரு பகுதியும் இருமுறை இசைக்கப்பெறும். இம்மெட்டு அவ்வகையுள் எளியது. அதன் தொடக்கத்தை நம் முறையில் கூறுவதாயின், ஷட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையே ஓர் ஊசல். பின்னர் நிஷாதத்துக்கும் ரிஷபத்துக்கும் இடையே மற்றோர் ஊசல். குழந்தையும் ஒருமுறை கேட்டால் மறவாத அமைப்பு இது.

எளிமையே அதன் வேறுபாடுகட்கு வாயிலாயிற்று. நாட்டுப்புறப் பிடில் கலைஞர் ஏட்டைக் கொண்டு பயின்றாரல்லர், செவியால் கற்றனர். மாலோவுக்கு மேற்கே, கார்க்கும் கெரியும் கூடும் மலைநாட்டில், பாட்ரிக் ஓ'கீஃப் (1887–1963) என்னும் ஆசிரியர் வீடுவீடாக நடந்து சென்று பிடில் கற்பித்தார். நரம்பையும் விரலையும் மட்டும் எண்ணால் குறிக்கும் தனிமுறை ஒன்றை அவர் கையாண்டார். எலும்புக்கூட்டை ஆசிரியர் தந்தார். தசையும் குருதியும் மாணாக்கர் கையில் உண்டாயின. இத்தகைய சூழலில் ஒருவர் வாசித்தது போல் மற்றவர் வாசித்தல் இல்லை. மாலோ மெட்டையும் சிலர் ரீலாக ஓட்டினர். சிலர் போல்கா நடையில் துள்ள விட்டனர். சிலர் அணிவகுப்பு நடைக்கு ஆக்கினர்.

கடல் கடந்தபோது பெயரும் திரிந்தது. ஸ்காட்லாந்தில், 'சாண்டி தன் பொடிச் சிமிழை இரவல் தந்தான்' என்னும் பொருள்படும் பெயரை அது பெற்றது. இங்கிலாந்தில் நிகழ்ந்த மாற்றம் இன்னும் சுவையானது. ஆக்ஸ்போர்டை அடுத்த ஹெடிங்டன் குவாரி என்னும் ஊரில், கோல்களை மோதி ஆடும் மோரிஸ் நடனம் ஒன்றுக்கு இம்மெட்டு அமைந்தது. அதன் பெயரோ 'ரிக்ஸ் ஓ மார்லோ'! மாலோவை அறியாத மக்கள், தேம்ஸ் நதிக்கரையில் தாம் அறிந்த மார்லோவின் பெயரை அதற்கு இட்டுவிட்டனர். 1899ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவ்வூர் ஆடற் குழுவைக் கண்டு வியந்த செசில் ஷார்ப், பின்னர் இந்நடன மெட்டுகளை ஏட்டில் ஏற்றினார். அமெரிக்காவிலோ லெராய் ஆண்டர்சன் தம் 'ஐரிஷ் தொகுப்பி'னுள் இதனைப் பெரும் வாத்தியக் குழுவுக்கு அமைத்தார். 1952இல் வெளிவந்த 'தி கொயட் மேன்' திரைப்படத்திலும் இது ஒலித்தது.

இனி, நம் வாயிலுக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அயர்லாந்து வீரர் பலர் இருந்தனர். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் முழங்கிய வாத்தியங்களின் வழியே அவர்தம் நாட்டு மெட்டுகளும் கரையேறின. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கோட்டையை அடுத்த மணலியில், முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இராமசாமி தீட்சிதர் குடும்பத்தார் தங்கியிருந்தனர். அக்காலத்தே அவர்கள் அவ்விசையைச் செவிமடுத்தனர். மைந்தருள் பாலுசாமி தீட்சிதர் பிடிலைக் கற்று நம் இசைக்கு உரியதாக்கினார். மூத்தவரான முத்துசாமி தீட்சிதர் (1775–1835) அம்மெட்டுகட்கு வடமொழிச் சாகித்தியம் புனைந்தார். ஏறத்தாழ நாற்பதாகக் கிடைக்கும் இவற்றையே 'நோட்டு ஸ்வரம்' என்கிறோம். அவற்றுள் ஒன்று 'வந்தே மீனாக்ஷி'. அதன் மெட்டு, மாலோ நகரத்து ஊதாரிகளின் மெட்டே!

குடியரை நகைத்த மெட்டில் மதுரை அன்னை வந்து அமர்ந்தாள். இதனைக் கேட்டு, 'இரவல் இசைதானா?' என முகம் சுளிப்போர் உளர். ஆயின், நாம் கேட்போம்: ஸ்காட்லாந்தார் இரவல் பெற்றதில்லையா? மார்லோவின் பெயரிட்டவர் பெற்றதில்லையா? ஊதாரிகளின் நிலபுலன் போயிற்று, பெயரும் போயிற்று. அவர்களை ஏளனம் செய்த மெட்டு மட்டும் நிலைத்தது. அது மாறாமல் இருந்ததால் அன்று; மாறிய இடத்திலெல்லாம் வாசிக்க ஒருவர் இருந்ததால் நிலைத்தது. அத்தனை மாற்றத்திலும் அந்த முதல் ஊசலை எவரும் கைவிடவில்லை என்பதும் நினைக்கத் தக்கது.

தாய்நிலத்தைப் பிரிந்து வாழும் நம் இல்லங்களில், பிள்ளைகளின் தமிழ் அண்டை மொழியின் ஒலிச்சாயல் பெறுகின்றதே என்று பெற்றோர் வருந்துவதை அறிவோம். அவ்வருத்தம் நமக்கும் உண்டு. சாயல் மாறுதலைக் கண்டு அஞ்சி அவர்களைப் பேசாது ஒடுங்கச் செய்வோமாயின், ஊசலே நின்றுபோகும். பிழையோடேனும் பேசட்டும், பாடட்டும். இனி நம் சங்கத்து இசை வகுப்பில் சிறார் 'வந்தே மீனாக்ஷி' பாடும்போது, இம்மெட்டு வந்த வழியையும் அவர்கட்குச் சொல்லி வைப்போம்.