படிக்காமல் சுமந்த பெட்டி: கட் பஃபரும் திஸ்கித் தமிழும்

எக்ஸ் விண்டோ அமைப்பில் நிரலுக்கு நிரல் எழுத்தை நகர்த்திய கட் பஃபர்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைத்தான் வழங்கியிருக்கிறார்கள். செலக்‌ஷன் முறை ஊன்றும்வரை ஒப்பேற்றிய கைவைத்தியம் அது, வலுவற்றது, மறைந்ததில் வியப்பில்லை. லத்தீன் எழுத்தை மட்டும் நகர்த்திப் பார்த்தவர்களுக்கு இத்தீர்ப்பு போதும். 8 பிட் தமிழை நகர்த்திப் பார்த்தால் போதாது என்றே எனக்குப் படுகிறது.

இத்தீர்ப்புக்கு மூலம், டேவிட் ரோசந்தால் எழுதி 1989இல் வெளிவந்த நிரல்களுக்கிடையிலான மரபுக் கையேடு. செலக்‌ஷனில் தருபவரும் பெறுபவரும் நேரே பேசிக்கொள்கிறார்கள். கட் பஃபரிலோ ஒருவர் வைத்துவிட்டுப் போகிறார், இன்னொருவர் பிறகு எடுக்கிறார். எனவே இது எளிது, ஆனால் திறன் குறைந்தது என்கிறது கையேடு. அதிலுள்ளதன் வகை ‘ஸ்ட்ரிங்’, அதாவது லத்தீன்-1 எழுத்து, என்றும் வரையறுக்கிறது. ஆனால் எக்ஸ்லிப் நூலகத்தின் விளக்கம் வேறு தொனியில் இருக்கிறது. ‘எக்ஸ்ஸ்டோர்பைட்ஸ்’ பெறுவது பைட்டுகளை. நடுவே சுழிபைட்டு வந்தாலும் தடையில்லை. மூல சாளரத்தின் மேல் 0 முதல் 7 வரை எட்டுப் பெட்டிகள். வைத்தது வைத்தபடி இருக்கும். வைத்த நிரல் மூடப்பட்ட பின்னும் இருக்கும். இந்த வசதி செலக்‌ஷனுக்குத் தானாக வாய்க்கவில்லை. அத்தீர்ப்பை எழுதியவர்கள் பெட்டியின் மேல் ஒட்டிய ‘ஸ்ட்ரிங்’ என்ற சீட்டைப் படித்தார்கள். பெட்டியைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

திறந்து பார்க்க ஓர் ஊர்ப்பெயர் போதும்: சங்கரன்கோவில். திஸ்கி என்னும் 8 பிட் தமிழ்க் குறியாக்கத்தில் மெய்யெழுத்துகளுக்குத் தனி இடம் உண்டு. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுதும் வரிசையிலேயே உயிர்மெய்க்கு முன் நிற்கும். ஆகவே இப்பெயர் 11 பைட்டு. ‘கோ’ மட்டும் 167, 184, 161: கொம்பு, ககரம், கால். யுனிகோடில் அதே பெயர் 13 குறிகள், யுடிஎஃப்-8இல் 39 பைட்டு. அங்கே ககரம் முந்தும், ஓகாரக் குறி பிந்தும். கட் பஃபர் வழியே போனால் 11 பைட்டும் 11ஆகவே மறுகரை சேரும். திஸ்கி எழுத்துரு இருந்தால் ஊர் தெரியும். செலக்‌ஷனிலோ பெறுபவர் ‘எந்த வகையில் தருவாய்?’ என்று கேட்கலாம். யுடிஎஃப்-8 கேட்டால், சீட்டை நம்பும் நிரல் அந்த 11 பைட்டையும் லத்தீன்-1 என எண்ணி 22 பைட்டாக்கித் தரும். நெறி பிசகவில்லை, ஊர்தான் காணாமற்போயிற்று.

கூர்மையான சான்று ‘ஸ்ரீ’. ஊர்த் திருவிழா அழைப்பிதழின் தலையில் அது இல்லாமல் ஸ்ரீசங்கரநாராயண சுவாமி எழுந்தருள மாட்டார். திஸ்கியில் அதன் எண் 130. லத்தீன்-1இல் 128 முதல் 159 வரையிலான இடம் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கானது. ‘ஸ்ட்ரிங்’ வகையில் அவற்றுக்கு அனுமதி கிடையாது. கையேட்டை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கும் பெறுநர் முதலில் விலக்குவது இந்த ஸ்ரீயைத்தான். எதையும் படிக்காத பெட்டிக்கு 130உம் 190உம் ஒன்றே. (அரன் பாதி, அரி பாதி என ஒரே திருமேனியில் நிற்கும் சங்கரநாராயணர் ஊரின் பெயரை இந்தச் சோதனைக்கு எடுத்தது முழுக்கத் தற்செயல் என்று சொல்ல மாட்டேன்.)

லத்தீன்-1இலிருந்து யுனிகோடுக்குப் போனதைத் திரும்பக் கொண்டுவரலாம், எதுவும் அழிவதில்லை என்பார்கள். திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அறிந்தவருக்கு அது சரி. திரையில் குப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது பதிலாகாது. விண்டோஸ் கணினிகள்தான் தமிழகத்தில் பெருகின என்ற மறுப்பும் உண்டு; அது எங்கே பரவியது என்னும் கேள்வி, எப்படி இயங்கியது என்பது அல்ல.

ஒரு மறுப்பை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. பைட்டை மட்டும் அறிந்த பெட்டி, எழுத்தின் எல்லையை அறியாது. சுட்டி சற்று முன்னே நின்றால் ‘சங்கரன்’ என்பதோடு 167 மட்டும் ஒட்டிக்கொண்டு வரும்: ககரம் இல்லாத வெறும் இரட்டைக் கொம்பு. அதையும் பெட்டி அதே விசுவாசத்தோடு சுமந்து சென்றது.