மழையில் கண்ட மகால்

கல்லூரி நாட்களில், ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே வில்லாபுரத்திலிருந்து திருமலை நாயக்கர் மகாலுக்கு நடந்து போனேன். சொர்க்க விலாசத்தின் திறந்த முற்றத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் அந்தப் பிரம்மாண்டமான தூண்கள்! கட்டியவர் இத்தாலியச் சிற்பி என்று ஒரு பேச்சு உண்டு. இத்தாலியரான நொபிலி பாதிரியார் 1606-லேயே மதுரைக்கு வந்துவிட்டார். அதனால் எழுந்த எண்ணமோ என்னவோ!

1636-ல் எழுந்த அந்த அரண்மனையில் நாம் இன்று காண்பது ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். மீதியைப் பகைவர் இடித்திருந்தால் மனசு ஆறும். இடித்தவர் திருமலை நாயக்கரின் சொந்தப் பேரன் சொக்கநாதர். தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியவர், அங்கே தமக்கு மாளிகை கட்டப் பாட்டனார் வீட்டையே பெயர்த்துக்கொண்டு போனார். எஞ்சியதையும் மழை கரைத்திருக்கும். 1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்ததால் பிழைத்தது.

மகாலைப் பார்க்கிறவர்கள் சற்று வடக்கே, பத்துத் தூண் சந்துக்கும் போக வேண்டும். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, கூரையில்லாமல் பத்துத் தூண்கள் நிற்கின்றன. யானை கட்டிய தூண்கள் என்பது ஊர்ப் பேச்சு. உண்மையில் அவை அந்த அரண்மனையின் ரங்க விலாசத்தைத் தாங்கியவை.