பிணை நின்ற சப்பாத்துக்காரர்

1841 ஓகஸ்டில் ஒரு காலை, அமெரிக்காவின் பொஸ்ரன் பொலிஸ் நீதிமன்றத்தில் கந்தல் உடுத்த ஒரு குடிகாரனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வழக்கப்படி அவன் போகவேண்டியது சிறைக்கு. அங்கிருந்த ஜோன் ஒகஸ்ரஸ் என்ற சப்பாத்துத் தொழிலாளி, தான் பிணை நிற்பதாகச் சொன்னார். மூன்று வாரம் கழித்துக் கூட்டிவந்தபோது ஆளே மாறியிருந்தான். நீதிபதி விதித்த தண்டம் ஒரேயொரு சதம். வழக்குச் செலவு வேறு.

1859இல் சாகும்வரை ஏறத்தாழ 2000 பேருக்கு அவர் பிணை நின்றார். வேலை தேடிக் கொடுத்தார். சொந்தத் தொழில் நொடித்தது. நீதிமன்றச் சேவகர்களுக்கோ அவரைக் கண்ணிலும் காட்டக்கூடாது. ஆளைச் சிறையில் சேர்த்தால்தானே அவர்களுக்குக் கூலி! 1878இல் மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டமியற்றி இவ்வேலைக்குச் சம்பள உத்தியோகத்தரை வைத்தது. நாங்கள் ஊரில் அறிந்த 'நன்னடத்தை உத்தியோகத்தர்' அந்த வழி வந்தவர்தான்.

உணவகத்தில் கோப்பை கழுவி முடித்த இரவில் இதை வாசித்த எங்களுக்கு ஊர் நினைவு வந்தது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்களை விசாரணையின்றி 18 மாதம்வரை அடைத்துவைத்தார்கள். பிணை நிற்க அம்மா வந்தா, வாத்தியார் வந்தார், சந்திக் கடை முதலாளியும் வந்தார். சட்டமா அதிபர் சம்மதிக்காமல் ஆளை விட நீதவானுக்கு அதிகாரம் இருக்கவில்லை.