பழைய படகு இயந்திரத்துக்கு என்ன விலை?



தைப்பூசத்தன்று பத்துமலைக்குக் காவடி எடுப்பவர்கள் நீராடுவது பத்து ஆற்றில். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் நம் பிள்ளைகளில் பலர் விழிப்பார்கள். அது கோம்பாக் ஆற்றில் கலந்து, மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசல் அருகே கிள்ளான் ஆற்றோடு சேர்ந்து, மலாக்கா நீரிணையில் விழுகிறது. 1857இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா, ஈயம் தேடுவதற்காக 87 சீனத் தொழிலாளர்களை இந்த ஆற்று வழியாகத்தான் மேலே அனுப்பினார். நீரோட்டத்தை எதிர்த்துக் கழி ஊன்றித் தள்ளியே இரண்டு ஆறுகளும் கூடுமிடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்த இடம்தான் பின்னாளில் கோலாலம்பூர் ஆயிற்று.

கழியும் துடுப்பும் பிடித்த கைகளுக்கு ஓய்வு தந்த சிறு இயந்திரத்தைப் பற்றியும், அது பழையதான பிறகு அதற்கு நியாயமான விலை காண்பதைப் பற்றியும் இன்று பேசுவோம். படகின் பின்புறத்தில் மாட்டி ஓட்டும் இதை நம் நாட்டு மலாய் மீனவர்கள் 'இஞ்சின் சங்குட்' என்பார்கள். தொங்கவிட்ட இயந்திரம் என்று பொருள். பொருத்தமான பெயர்தான்.

இதை வாணிபப் பொருளாக்கி வெற்றி கண்டவர்களில் முதன்மையானவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொழில் செய்தவர். 1909இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரம் ஒன்றரைக் குதிரைத் திறன் கொண்டது. எடை 62 ராத்தல், விலை 62 டாலர். ராத்தலுக்கு ஒரு டாலர் என்று காய்கறி போல விலை வைத்தாரோ என்று நமக்குத் தோன்றும்! அவருடைய மனைவி பெஸ்தான் கணக்கும் விளம்பரமும் பார்த்துக்கொண்டார். அந்த அம்மையாரின் உடல்நலம் குன்றியதால் 1914இல் எவின்ரூட் தம் பங்கைக் கூட்டாளியிடம் விற்றுவிட்டு ஒதுங்கினார். சில ஆண்டுகள் கழித்து, 1920களின் தொடக்கத்தில், அலுமினியத்தால் புதிய இயந்திரம் ஒன்றைச் செய்து மீண்டும் களத்தில் இறங்கினார். அதன் எடை 48 ராத்தல்தான். திறனோ ஏறத்தாழ இரு மடங்கு.

அன்று ஒருவர் தம் 62 ராத்தல் இயந்திரத்தைத் துணி சுற்றி, ஒருநாளும் ஓட்டாமல் வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். புதியது கடைக்கு வந்த அன்றே இவருடையதன் மதிப்பு இறங்கிவிடும். தேய்மானம் ஒன்று, வழக்கொழிதல் மற்றொன்று. உதிரிப் பாகம் கிடைக்குமா என்பது மூன்றாவது. எவின்ரூட் பெயரில் வந்த இயந்திரங்களின் தயாரிப்பே 2020இல் நின்றுவிட்டது. இன்று அவற்றை வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று, உதிரிப் பாகத்தை.

நான்காவது, கடன். 1980களில் குமரி மாவட்டக் கரையிலும் கேரளக் கரையிலும் மீனவர்கள் இத்தகைய இயந்திரங்களுக்கு மாறினார்கள். வணிகரிடம் கடன் பட்டு இயந்திரம் வாங்கியவர், பிடித்த மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டிலிருந்து விடுபடவே மீனவர் சங்கங்கள் 1980இல் தென்னிந்தியக் கூட்டமைப்பாக ஒன்று சேர்ந்தன. நம் கரையோர மீனவர்களுக்கும் தவுக்கேயிடம் பட்ட கடன் புதிய செய்தி அன்று. கைமாறும் தொகையை மட்டும் பார்த்தால் விலை முழுவதும் தெரியாது.

இனி நம் கணக்குக்கு வருவோம். நம்மிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் ஆற்று முகத்தில் மீன் பிடிக்க ஓர் இயந்திரம் தேடினார். கேரித் தீவுப் பக்கம் ஒரு தோட்டத்தில், கணவரை இழந்த ஓர் அம்மாள் எட்டுக் குதிரைத் திறன் கொண்ட ஜப்பானிய இயந்திரத்தை விற்க இருந்தார். வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய பொருள் வாங்கும் ஒருவர் 1,200 வெள்ளிக்குக் கேட்டிருந்தார். "சார், அந்த அக்காவுக்கு விலை தெரியாது. நான் 1,500 கொடுத்தாலே சந்தோஷப்படுவாங்க," என்றார் மாணவர். அந்தச் சொல்தான் நம்மையும் அவரோடு கிளம்ப வைத்தது.

போனதும் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்தோம். சூடு இல்லை. முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்த இயந்திரம் உடனே கிளம்பும். அதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டினோம். மூன்றாம் இழுப்பில் கிளம்பியது. குளிர்விக்கும் நீர் மெல்லிய தாரையாகத்தான் வந்தது. பம்பின் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருந்தது. உடன் வந்த மெக்கானிக் இரண்டு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. கியர் எண்ணெயோ பால் கலந்த தேநீர் போல வெளுத்திருந்தது. உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய 300 வெள்ளி ஆகும் என்றார்.

புதியதன் விலையை, கணக்கு எளிதாக இருக்க, 6,000 வெள்ளி என்று கொண்டோம். வாரம் இரண்டு முறை ஓடி, ஓடிய பின் நல்ல தண்ணீரில் கழுவப்பட்ட இயந்திரம் எட்டு ஆண்டு உழைக்கும் என்றால், ஆண்டுக்கு 750 கழியும். நான்கு ஆண்டு போக மீதி 3,000. அன்றாடம் கடலுக்குப் போகும் இயந்திரத்துக்கு இந்த எட்டு ஆண்டு பொருந்தாது. ஆனால் சந்தையில் முதலாண்டுகளில்தான் விலை அதிகம் சரிகிறது. ஆண்டுதோறும் எஞ்சியதில் 20 விழுக்காடு கழித்தால் 4,800, 3,840, 3,072 என்று இறங்கி, நான்காம் ஆண்டு முடிவில் 2,457 வெள்ளி 60 காசு நிற்கும். இரண்டுக்கும் நடுவே 2,728 வெள்ளி 80 காசு.

பம்புச் சக்கரம், கியர்ப் பழுது இரண்டையும் கழிக்க வேண்டும் என்றார் மாணவர். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ரப்பர்ச் சக்கரம் ஓட ஓடத் தேய்ந்தே தீரும். அந்தத் தேய்மானத்தை வயதுக் கணக்கில் ஏற்கெனவே கழித்துவிட்டோம். மறுபடியும் கழித்தால் ஒரே குறைக்கு இருமுறை தண்டம் வாங்கியதாகும். கியருக்குள் தண்ணீர் புகுந்தது வயதுக்கு மீறிய பழுது. அந்த 300ஐ மட்டும் கழித்தோம். 2,428 வெள்ளி 80 காசு வந்தது. அதை 2,450 ஆக்கினோம்.

மாணவரின் முகம் சற்று வாடியது. கையில் 1,800தான் இருந்தது. மீதி 650ஐ மாதம் 130 வீதம் ஐந்து மாதத்தில், வட்டியின்றித் தர அந்த அம்மாள் ஒப்புக்கொண்டார். இயந்திரத்தின் வரிசை எண்ணைக் குறித்து, தமிழில் ஒன்றும் மலாயில் ஒன்றுமாக இரண்டு இரசீதுகள் எழுதினோம். கணவர் வாங்கியபோது கடைக்காரர் கொடுத்த பழைய இரசீதையும் உள்ளேயிருந்து எடுத்துவந்து அந்த அம்மாள் மாணவர் கையில் கொடுத்தார்.