ஈழநாடு: ஒரு பிரதேசத் தினசரியின் கதை

கிரான்பர்னில் ஒரு வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம். ஐந்து பேருக்கும் உணவகங்களில்தான் வேலை. பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டுவிட்டு வந்தவர்களும் எங்களில் உண்டு. குசினியைக் கழுவித் துடைத்துவிட்டு, ரெயில் பாதை முடிகிற இந்த ஊருக்கு வந்து சேர நள்ளிரவாகிவிடும். படுத்தாலும் உடனே நித்திரை வராது. அப்படியான இரவுகளில், சென்ற குளிர்காலம் முழுவதும், நாங்கள் ஈழநாடு பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம். புரட்டினோம் என்பது ஒரு பேச்சுக்கு. நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஏற்றி வைத்திருக்கும் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் விரலால் தள்ளிக்கொண்டிருந்தோம்.

தேடியது ஒரு மரண அறிவித்தலை. எங்களில் ஒருவருடைய அப்பு எழுபதுகளில் காலமானவர். காணி வலிகாமம் வடக்கில். 1990இல் சனம் எழும்பி ஓடியபோது பெட்டகத்தோடு விட்டுவந்த பத்திரங்கள் பிறகு கிடைக்கவில்லை. காணியை விடுகிறார்கள் என்று அறிந்து உரித்தைக் காட்டப் போனால் மரணச் சான்றிதழ் கேட்கிறார்கள். சான்றிதழின் பிரதிக்குப் போனால் திகதி கேட்கிறார்கள். தாயாருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டபோது அவ சொன்னது இவ்வளவுதான்: "அது மாரி, ராசா. கிணறு முட்டி நிண்டது. எழுபத்தாறோ ஏழோ தெரியாது. ஆனால் ஈழநாட்டிலை போட்டவை, அது எனக்கு நல்ல ஞாபகம்."

திகதி மறந்துபோன ஒரு மனுசிக்குப் பத்திரிகையின் பெயர் மறக்கவில்லை. அன்றிலிருந்துதான் அந்தப் பத்திரிகையின் கதையை நாங்கள் விசாரிக்கத் தொடங்கினோம். எங்கள் வயதுக்காரருக்கு அது பெயராக மட்டுமே தெரிந்த ஒன்று. கடையில் சீனி சுற்றித் தந்த பேப்பர்கூட எங்கள் காலத்தில் உதயன்தான்.

பத்திரிகை என்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிய பொருள் அல்ல. அமெரிக்க மிஷன்காரரின் உதயதாரகை 1841இலேயே வந்துவிட்டது. அதற்குப் பதில் சொல்வது போலச் சைவர்களின் இந்துசாதனம் 1889இல் வந்தது. 1930இல் நா. பொன்னையா சுன்னாகத்திலிருந்து ஈழகேசரியைத் தொடங்கினார். எழுத்தாளர்கள் பலரை வளர்த்த அந்தப் பத்திரிகை 1958இல் நின்றது. ஆனால் நாள்தோறும் வாசிக்கக் கிடைத்தவை கொழும்பிலிருந்து வந்தவைதான். வீரகேசரி 1930இலும், லேக் ஹவுஸ் நிறுவனத்தின் தினகரன் 1932இலும் தொடங்கியவை. இவை ரெயிலேறி வடக்கே வந்தன. அவற்றின் பக்கங்களில் யாழ்ப்பாணம் ஒரு தூரத்து ஊர். பாராளுமன்றம், துறைமுகம், தோட்டம், தலைநகரின் கூட்டங்கள் எல்லாம் போக மிஞ்சிய இடத்தில் "யாழ்ப்பாணச் செய்திகள்" இருக்கும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எந்த ஊரில் அச்சடிக்கிறதோ அந்த ஊர்தான் பேப்பருக்கு நடு.

ஈழகேசரி நின்ற மறு வருடம், 1959 பெப்ரவரியில், கே.சி. தங்கராஜா, கே.சி. சண்முகரத்தினம் என்ற சகோதரர்கள் யாழ்ப்பாணத்தில் ஈழநாட்டைத் தொடங்கினார்கள். முதலில் வாரப் பத்திரிகை. 1961இல் தினசரியானது. இலங்கையில் தலைநகருக்கு வெளியே இருந்து வந்த முதலாவது பிரதேசத் தினசரி என்று அதைச் சொல்வார்கள். அந்த 1961 பெப்ரவரியில்தான் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏப்ரலில் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் வந்து அதை முடித்தன. இரண்டையும் நாங்கள் முடிச்சுப் போடவில்லை. ஆனாலும் தன் வாசலில் நடப்பதைத் தன் ஊர்ப் பேப்பரிலேயே மறுநாள் வாசிக்கலாம் என்ற நிலை அந்த வருடத்தில் ஏற்பட்டது சின்ன விஷயம் இல்லை.

ஆசிரியராக இருந்தவர் கே.பி. ஹரன். இவர் யாழ்ப்பாணத்தவர் அல்ல, இந்தியாவிலிருந்து வந்தவர். முன்பு வீரகேசரியில் இருந்தவர். ஏறக்குறைய 20 வருடம் அவர் ஈழநாட்டை நடத்தினார். ஊர்ப் பெருமையில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊரின் முதல் தினசரியை இன்னொரு நாட்டவர் கட்டி எழுப்பினார் என்பதை நினைக்க எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அவருக்குப் பிறகு யாழ் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்து இளைப்பாறிய ந. சபாரத்தினம் ஆசிரியரானார். செய்தி ஆசிரியராக இருந்த எஸ்.எம். கோபாலரத்தினத்தைக் 'கோபு' என்றால்தான் பலருக்குத் தெரியும்.

நாங்கள் பார்த்த பக்கங்களில் எங்களைப் பிடித்து நிறுத்தியவை தலைப்புச் செய்திகள் அல்ல. வெங்காய விலை, மிளகாய் விலை. கோயில் திருவிழா விளம்பரம். ரியூட்டறி விளம்பரம். படமாளிகையில் என்ன படம் என்பது. காணாமற்போன மாடு. அந்தியேட்டி அழைப்பு. 1970க்குப் பிறகு அரசாங்கம் வெளிநாட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் கையில் காசு புழங்கியது. விலைச் செய்திக்கும் பெறுமதி வந்தது. கொழும்புப் பேப்பருக்கு அது மூன்று வரி. வலிகாமத்துத் தோட்டக்காரனுக்கு அது அந்தக் கிழமைச் சீவியம்.

வாசிகசாலையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு குறிச்சியிலும் ஒரு சனசமூக நிலையம், அதற்குள் ஒரு நீள மேசை, மேசையில் பேப்பர். ஒருவர் முன்பக்கத்தையும் இன்னொருவர் பின்பக்கத்தையும் பிடித்துக்கொண்டு வாசிப்பார்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் உரத்து வாசிப்பார். ஒரு பிரதி எத்தனை கண்களுக்குப் போனது என்று எந்த விற்பனைக் கணக்கிலும் வராது.

வானொலியும் இருந்தது. 1967இல் கூட்டுத்தாபனமாக்கப்பட்டு, 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் பெற்ற அந்த நிறுவனத்தின் தமிழ்ச் சேவை தமிழ்நாட்டுக்காரரையும் கட்டிப்போட்டது என்று இன்றும் பேசுகிறார்கள். மரண அறிவித்தல் என்றதும் வீட்டில் எல்லோரும் வாய் மூடி இருப்பார்கள் என்று எங்கள் தாய்மார் சொல்வார்கள். ஆனால் வானொலியில் சொன்னது காற்றோடு போய்விடும். செத்தவீட்டுக்குப் போக அது உதவும்; 50 வருடம் கழித்துத் திகதி தேட உதவாது. அதோடு அது அரசாங்கத்தின் வானொலி, கொழும்பிலிருந்து பேசியது. யாழ்ப்பாணத்தில் இருந்தது ஒரு பேப்பர்தான்.

1981 மே 31ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கான கூட்டணியின் கூட்டத்தில் பொலிசார் மீது சூடு விழுந்தது. அன்றிரவு தொடங்கிப் பொலிசாரும் அவர்களோடு வந்தவர்களும் யாழ் நகரத்தை எரித்தார்கள். யாழ் நூல் நிலையத்தில் 97,000 புத்தகங்கள் போயின. இது உலகம் அறிந்த கதை, அறியத்தான் வேண்டும். அதே நாட்களில் ஈழநாடு காரியாலயமும் எரிந்தது என்பது அந்தக் கதையின் வாலில் ஒரு வரியாக வரும். பல இடங்களில் அதுவும் வராது. நூல் நிலையத்தில் இருந்தவை அறிஞர்களின் புத்தகங்கள், ஓலைச்சுவடிகள். பத்திரிகைக் காரியாலயத்தில் இருந்தது யார் பிறந்தார், யார் செத்தார், எந்தக் கிணறு வற்றியது என்ற கணக்கு. இரண்டையும் ஒரே கூட்டம் ஒரே மூச்சில் எரித்தது. எரித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. எங்களுக்குமே இப்போதுதான் தெரிகிறது.

எரிந்த பிறகும் ஈழநாடு திரும்ப வந்தது. ஆனால் காலம் மாறிவிட்டது. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் வேறு தினசரிகளும் வந்தன. ஈழமுரசுக்கு ஆசிரியரானவர் அதே கோபு. 1987 அக்டோபரில் இந்தியப் படை போரைத் தொடங்கியபோது ஈழமுரசு, முரசொலி ஆகியவற்றின் அச்சகங்களைத் தகர்த்தது. கோபு பிடிபட்டுச் சிறையிருந்ததைப் பிறகு 'ஈழ மண்ணில் ஓர் இந்தியச் சிறை' என்ற புத்தகமாக எழுதினார். வெளியிலிருந்து வந்தவர்கள் மட்டும் பத்திரிகையின் கழுத்தைப் பிடிக்கவில்லை. ஆயுதம் வைத்திருந்த எங்கள் பிள்ளைகளும், எதைப் போடவேண்டும் எதைப் போடக்கூடாது என்று காரியாலயப் படியேறிச் சொன்னார்கள். இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் எரித்தவர்களின் பட்டியலை மட்டும் எழுதிவிட்டு மிரட்டியவர்களை விட்டால் அது சரித்திரமாகாது. இப்படி நாலாபக்கமும் நெரிபட்டு ஈழநாடு ஓய்ந்தது. தொண்ணூறுகளில் அதே பெயரில் பாரிஸிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வந்தது.

மற்றதெல்லாம் நாங்கள் வளர்ந்த காலம். உதயன் 1985 நவம்பரில் தொடங்கியது. பொருளாதாரத் தடைக்குள் பேப்பர் கிடைக்காமல் கொப்பித்தாளிலும் அது அச்சாகி வந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம் அது. 2006 மே 2ஆம் திகதி இரவு உதயன் காரியாலயத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் இறந்தார்கள். அந்த ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட, பேப்பர் மெலிந்துகொண்டே போனது. மெலிந்த பேப்பருக்கும் காலையில் வரிசையில் நின்றோம். அப்போது முதலில் பார்த்த பக்கம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. 2013 ஏப்ரலில், யுத்தம் முடிந்து நாலு வருடத்துக்குப் பிறகு, உதயன் அச்சு யந்திரத்துக்கு நெருப்பு வைத்த செய்தியை நாங்கள் வெளிநாட்டிலிருந்து வாசித்தோம்.

இந்த நாட்டில் பத்திரிகை சாவதற்கு நெருப்புத் தேவைப்படவில்லை. 2020 மே மாதத்தில் நியூஸ் கோர்ப் நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட பிரதேச, சமூகப் பத்திரிகைகளின் அச்சை நிறுத்துவதாக அறிவித்தது. மெல்பேர்ணின் புறநகர்களுக்கு வந்துகொண்டிருந்த 'லீடர்' ஏடுகளும் அதில் அடங்கும். விளம்பரம் இணையத்துக்குப் போனது, தொற்றுநோய் மிச்சத்தை முடித்தது. எங்களோடு வேலை செய்யும் ஒரு வயதான வெள்ளைக்காரி தன் தாயின் மரண அறிவித்தலை அப்படியொரு உள்ளூர்ப் பேப்பரிலிருந்து வெட்டிக் கைப்பையில் வைத்திருக்கிறா. காட்டினா. மடிப்பில் கிழிந்து, ஒட்டுநாடா ஒட்டியிருந்தது.

நூலகத்தில் ஈழநாட்டின் சில மாதங்கள் இருக்கின்றன, சில இல்லை. வீடுகளில் யாரோ சேர்த்துவைத்து, செல்லுக்கும் ஷெல்லுக்கும் தப்பிக் கிடைத்தவைதானே ஏறியிருக்கும். 1976இன் மாரியில் கிடைத்த இதழ்களைப் பார்த்து முடித்துவிட்டோம். அப்புவின் பெயரில் ஒருவர் இருந்தார், ஊர் வேறு. ஒருநாள் எங்களில் இன்னொருவர் தன்னுடைய பெரியம்மாவின் கலியாணச் செய்தியைத் தற்செயலாகக் கண்டு, அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்து எழுப்பிவிட்டார். அங்கே நேரம் எங்களுக்குப் பின்னால் என்பதால் பேச்சு வாங்கவில்லை.

1977 தை மாதத்துக்கு வந்திருக்கிறோம். தாயாரிடம் திரும்பவும் கேட்டதில், செத்தவீட்டன்று மழை விட்டிருந்தது என்கிறா.